காற்றுக்குத்தான் காசு

கோவை கணபதியில் லேத் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கும் சந்து ஒன்றில், தகரக் கூரை போட்ட சின்ன இடம். வாசலுக்கு வருவதற்கு முன்பே கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்கிறது. ஐப்பசி மழை விட்டிருந்தாலும் தரையில் ஈரம் காயவில்லை. பட்டறைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இளமையில் ஒரு பவுண்டரியில் வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தவர். இப்போது பழைய இரும்புச் சாமான்களின் துருவையும் பெயின்ட்டையும் போக்கிப் புதிதாக வண்ணம் அடித்துத் தருகிறார். கூட வேலைசெய்வது அவருடைய மகன் மட்டும்தான்.

நான் போனது அவருடைய சாண்ட் பிளாஸ்டரைப் பார்க்க. காற்றின் வேகத்தில் துகளை வீசித் துருவைப் பெயர்க்கும், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் கைக்கன் அது. இந்தக் கன்னை இப்போது யார் வேண்டுமானாலும் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். வாங்கியவர்களில் பலர் நாலு நாளில் மூலையில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் ஆற்று மணலைக் கொட்டி, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, வீட்டு வாசலிலேயே அடிக்கிறார்கள். முதல் வகையாருக்குப் பணம்தான் நஷ்டம். இரண்டாம் வகையாரை நினைத்தால்தான் எனக்குப் பயம். குறைந்த செலவில் இதை ஒழுங்காகச் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு மேஜைமேல் கிடந்தது பழைய சிங்கர் தையல் மிஷினின் ஸ்டேண்டு. இரண்டு பக்கக் கால்கள், மிதிக்கும் பெடல், சக்கரம், குறுக்குச் சட்டம் என்று போல்ட்டுகளைக் கழற்றித் தனித்தனியாகப் பிரித்திருந்தார். எல்லாம் வார்ப்பிரும்பு. கால்கள் முழுக்கக் கொடிபோல வளைந்த பூவேலை. அதன்மேல் கறுப்பு, பிறகு பச்சை, பிறகு யாரோ அவசரத்தில் பூசிய வெள்ளி பெயின்ட். வளைவுகளின் இடுக்கில் துரு ஏறிப் பொருக்குவிட்டிருந்தது. வாடிக்கையாளர் இதன்மேல் பலகை போட்டுப் படிக்கிற மேஜையாக்கப் போகிறாராம்.

“உப்புத்தாள் போட்டா இந்த இடுக்குக்குள்ள விரல் போகாதுங்க. கிரைண்டர்ல கப் பிரஷ் மாட்டி ஓட்டுனா மேல பளபளன்னு ஆயிரும், ஆனா குழிக்குள்ள துரு அப்படியே இருக்கும். பிரஷ் துருவ எடுக்காதுங்க, துருவுக்குப் பாலிஷ் போட்டுட்டுப் போயிரும்” என்றார். ஒரு காலின் ஓரத்தில் கப் பிரஷ் ஓட்டிப் பார்த்த இடத்தையும் காட்டினார். மேடெல்லாம் மின்னியது, அரித்த குழிகள் கறுப்பும் பழுப்புமாக அப்படியே இருந்தன. அதன்மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்திலேயே உள்ளிருந்து கொப்பளித்துக்கொண்டு வரும். சாண்ட் பிளாஸ்டிங் என்கிற மணலடியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. சின்னத் துகள் குழியின் அடிவரைக்கும் போய் முட்டித் துருவைப் பெயர்க்கும்.

கன்னைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கொசுமருந்து அடிக்கும் பழைய கைப்பம்பு எப்படி வேலை செய்யுமோ அதே சூட்சுமம். உள்ளே இரண்டரை மில்லிமீட்டர் துவாரம் ஒன்றிலிருந்து காற்று சீறி வருகிறது. அந்த வேகத்தில் சுற்றியுள்ள அழுத்தம் குறைய, பக்கவாட்டில் மாட்டிய ரப்பர் ஹோஸ் வழியாகக் கீழே வாளியில் இருக்கும் துகள் மேலே உறிஞ்சப்படுகிறது. இரண்டும் கலந்து ஐந்து மில்லிமீட்டர் பீங்கான் நாசில் வழியாக வெளியே பாய்கின்றன. ட்ரிகர், ஒரு உடம்பு, இரண்டு துவாரம், ஒரு குழாய். கன் என்பது இவ்வளவுதான். பெரிய கம்பெனிகளில் துகளை அழுத்தத் தொட்டிக்குள் வைத்துக் காற்றோடு சேர்த்தே தள்ளுவார்கள், அதன் வேகமும் விலையும் வேறு.

நாசில்தான் தேயும் சாமான். பீங்கான் சீக்கிரம் தேய்ந்துவிடும், டங்ஸ்டன் கார்பைடு பல மடங்கு உழைக்கும், போரான் கார்பைடு அதற்கும் மேல். ஐந்து மில்லிமீட்டர் ஏழாகத் தேய்ந்துவிட்டால் துவாரத்தின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீச்சு சிதறும், உறிஞ்சலும் குறையும். கன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்னப் பீங்கானை மாற்றியிருந்தாலே போதும். இவர் ஒரு டப்பா நிறைய நாசில் வைத்திருக்கிறார்.

“கன்னு வெறும் குழாய்ங்க. வேலை செய்யறது காத்து. காசு அதுக்குத்தான் போடோணும்” என்று கம்ப்ரசர் பக்கம் கூட்டிப்போனார். கம்ப்ரசர் கோவைக்குப் பழகிய சாமான். எல்ஜி கம்பெனி இங்கேதான் 1960-இல் தொடங்கியது. பெரிய பட்டறைகள் மாற்றும்போது விற்கிற பழைய கம்ப்ரசர்கள் இந்தச் சந்துகளுக்கு வந்துசேரும். இவருடையதும் அப்படி வந்ததுதான். 2 ஹெச்.பி. மோட்டார், 160 லிட்டர் டேங்க்.

சுவரில் சாக்பீஸால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். கம்ப்ரசர் தருவது நிமிஷத்துக்கு ஐந்தரை கன அடி, அதாவது சுமார் 155 லிட்டர் காற்று. கன் கேட்பது 12 கன அடி, சுமார் 340 லிட்டர். நிமிஷத்துக்கு 185 லிட்டர் பற்றாக்குறை. டேங்கில் அழுத்தம் 120 பவுண்டிலிருந்து 75 பவுண்டுக்கு இறங்கும்வரை எடுத்துக்கொள்ளக்கூடிய சேமிப்பு சுமார் 490 லிட்டர். ஆக, இரண்டரை நிமிஷம் அடிக்கலாம். பிறகு டேங்க் மறுபடி நிரம்ப மூன்று நிமிஷத்துக்குமேல் சும்மா நிற்க வேண்டும். நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அப்படியேதான் வந்தது. 75-க்குக் கீழே போனதும் சீற்றத்தின் சுருதி இறங்குகிறது, துகள் தும்முவதுபோல விட்டுவிட்டு வருகிறது, பெயின்ட் நகர மறுக்கிறது. டயருக்குக் காற்றடிக்கிற சின்ன கம்ப்ரசரில் இதை மாட்டிவிட்டு கன்னைத் திட்டுகிறவர்கள் இந்தச் சுவர்க் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தை அவர் வீணாக்குவதில்லை. அடுத்த பாகத்தைத் துடைக்கிறார், வாளியை நிரப்புகிறார், டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிறார். மழைநாளில் இந்தக் கடைசி வேலை முக்கியம். காற்றை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கும்போது அதில் கலந்திருக்கும் ஈரத்துக்கு இடம் போதாது, தண்ணீராக இறங்கிவிடும். அது ஹோஸுக்குள் போனால் துகள் களிபோல ஒட்டிக் கன் அடைத்துக்கொள்ளும். அதற்காகக் கம்ப்ரசருக்கும் கன்னுக்கும் நடுவே நீளமான ஜி.ஐ. பைப்பை ஏற்ற இறக்கமாகச் சுவரோடு ஓட்டி, காற்று ஆறி ஈரம் இறங்க வழிசெய்து, கடைசியில் தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றையும் மாட்டியிருக்கிறார். துகளும் காய்ந்திருக்க வேண்டும். மகன் ஒரு இரும்புச் சட்டியில் அதைப் போட்டு அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்தார்.

சட்டியில் இருந்தது மணல் இல்லை. இளஞ்சிவப்பும் கறுப்புமாக மினுங்கும் கார்னெட். தென்கோடிக் கடற்கரையில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தாது மணலோடு கலந்து கிடக்கும் மாணிக்கக் கல்லின் ஏழை உறவு. அலை ஒதுக்கிய கறுப்பு மணலில் இருந்து இதைப் பிரித்தெடுத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். 2013-இல் மாநில அரசு அந்தக் கடற்கரைகளில் தனியார் எடுப்பதற்குத் தடைபோட்டது. அதையொட்டி வந்த வழக்குகள் தனிக் கதை. பட்டறைக்கு வேண்டியதெல்லாம் இதன் மூன்று குணம். கனம் அதிகம், அதனால் அடி பலமாக விழும். எளிதில் பொடியாகாது, சலித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் தனிச் சிலிகா மிகமிகக் குறைவு.

இந்த மூன்றாவது குணத்துக்காகத்தான் அவர் மூட்டைக்குக் காசு கொடுக்கிறார். மணல் இனாமாகக் கிடைக்குமே என்று கேட்டேன். கன்னை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பவுண்டரியில என்கூட வேலை செஞ்சவங்க ரெண்டு பேருங்க. நாப்பது வயசுக்குள்ள மாடிப்படி ஏற முடியாம ஆயிட்டாங்க. டிபின்னு சொல்லி மருந்து குடுத்துட்டே இருந்தாங்க. இந்தப் பட்டறைக்குள்ள ஒரு பிடி மணல் வராதுங்க.”

ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிகா. இரும்பில் மோதி நொறுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் கிளம்புகிறது. சில மைக்ரான் அளவே உள்ள அந்தத் தூள் மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சுற்றிலும் தழும்பு வளர்ந்துகொண்டே போகும். அதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்தும் மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம், காசநோயும் எளிதில் தொற்றும். புதிதாக உடைந்த சிலிகாத் தூள் பழைய தூளைவிடக் கொடியது. மணலடியில் கிளம்புவது முழுக்கப் புதிதாக உடைந்த தூள்தான். எம்-சாண்ட் போட்டால் பரவாயில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. எம்-சாண்ட் கருங்கல்லை நொறுக்கியது, கருங்கல்லில் குவார்ட்ஸ் நிறையவே உண்டு.

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1870-இல். மணலை வேகமாக வீசிக் கண்ணாடியையும் கல்லையும் இரும்பையும் செதுக்கலாம் என்று காட்டினார். வார்ப்புச் சுத்தத்துக்கும் பிறவற்றுக்கும் மணலடி பரவி, ஆட்கள் செத்து, பிரிட்டன் 1949-இல் விதி கொண்டுவந்து வார்ப்புகளின்மேல் மணலை அடிப்பதைத் தடுத்தது. அதற்கும் அறுபது வருஷம் கழித்து, துருக்கியில் ஜீன்ஸ் துணி வெளுத்ததுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக மணலடித்த இளைஞர்களுக்குச் சிலிகோசிஸ் வந்து, 2009-இல் அந்த நாடும் துணிகளுக்கு அதைத் தடைசெய்தது. ஒரு கால்சட்டை பழசுபோலத் தெரிவதற்காக இருபது வயதுப் பையன்கள் மூச்சை இழந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்று கொண்டது. இரண்டு பேர் இருக்கும் பட்டறைக்கு யார் வந்து பார்ப்பார்கள்? அங்கே காவல் என்பது பட்டறைக்காரரின் மனசாட்சி மட்டும்தான். மலிவுக் கன் வீடுவீடாகப் போய்ச் சேருகிற இந்த நாளில், பெட்டிக்குள் வருகிற சின்னக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் தமிழில் ‘மணல் போடாதீர்கள்’ என்று அச்சடிக்க விற்கிறவர்களுக்கு என்ன செலவாகிவிடும்?

கார்னெட் போட்டாலும் தூசு தூசுதான். கழன்று வருகிற பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். இந்த ஸ்டேண்டின் பச்சை அதற்குப் பல பத்தாண்டு மூத்தது. அதனால் இவர் எதையும் வெளியில் வைத்து அடிப்பதில்லை. பழைய இரும்பு பீரோ ஒன்றைப் படுக்கவைத்து, ஒரு கதவில் கண்ணாடி பதித்து, பக்கத்தில் இரண்டு வட்டம் வெட்டி முழங்கை வரைக்குமான ரப்பர் கையுறை மாட்டியிருக்கிறார். உள்ளே எல்.இ.டி. விளக்கு. அடியில் சாய்வாகத் தகரம், துகள் சரிந்து மறுபடி வாளிக்கே வந்துசேர. ஒரு மூலையிலிருந்து வாக்குவம் கிளீனர் தூசை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு நல்ல பில்டர் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் முகத்தில் ரப்பர் மாஸ்க், இரண்டு பக்கமும் தூசு வடிகட்டும் வட்டம். எனக்கும் ஒன்று கொடுத்தார். தாடி இருந்தால் விளிம்பு தோலில் படியாது என்பதற்காக மகனைத் தினம் சவரம் செய்யச் சொல்கிறாராம்.

கன்னில் இருந்து ஒரு கம்பி தரைக்குப் போகிறது. காய்ந்த துகள் உரசிக்கொண்டு பாயும்போது நிலைமின்சாரம் சேரும், எர்த் இல்லாவிட்டால் விரலில் சுருக்கென்று அடிக்கும்.

பக்கக் காலை உள்ளே வைத்தார். முந்தின நாளே டீசலிலும் சோப்பிலும் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பொருக்குத் துருவைச் சுத்தியால் தட்டி உதிர்த்திருந்தார். பிசுக்கோடு அடித்தால் துகள் ஒட்டிக்கொள்ளும், திரும்பச் சலித்து எடுக்கும் கார்னெட் முழுவதும் கெட்டுப்போகும். சக்கரத்தின் அச்சுத் துளைகளிலும் மரைகளிலும் ரப்பர் அடைப்பு வைத்திருந்தார். ரப்பர் மெத்தென்று இருப்பதால் துகளைத் திருப்பி எறிந்துவிடும்.

ட்ரிகரை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் மங்கியது. பிறகு பார்வை பழகியது. நாசில் இரும்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக அடிக்காமல் சரிவாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். நேராக அடித்தால் போகிற துகளும் திரும்புகிற துகளும் ஒன்றோடொன்று மோதிச் சக்தி வீணாகும். சாய்த்தால் பெயின்ட்டின் ஓரத்துக்கு அடியில் புகுந்து நெம்பும். வெள்ளி பெயின்ட் உடனே போய்விட்டது. பச்சை காய்ந்து இறுகியிருந்ததால் செதில் செதிலாகத் தெறித்தது. அடிக்கறுப்பு மட்டும் பிடிவாதம் பிடித்தது, தொழிற்சாலையில் சூளையில் சுட்டு ஏற்றிய பூச்சு. அந்த இடத்தில் நாசிலை நெருக்கி, மெதுவாக நகர்த்தினார். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சாம்பல் நிற இரும்பு தெரிய ஆரம்பித்து, அது ஒரு கோடாக நீண்டு, கொடியின் வளைவுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

பிறகு கையுறைக்குள் என் கையை விட்டேன். கன் அவ்வளவாக உதைக்கவில்லை, ஹோஸின் கனம்தான் மணிக்கட்டை இழுக்கிறது. சிங்கர் என்ற எழுத்துகள் வார்ப்பிலேயே எழும்பியிருந்த இடம் என் பங்குக்கு வந்தது. மூன்று பூச்சுக்கு அடியில் அவை மழுங்கிக் கிடந்தன. பெயின்ட் விலக விலக எழுத்தின் கூர்மையான ஓரம், உள்வளைவு, பக்கத்தில் வார்ப்பு மண்ணின் பதிவுகூடத் தெரிந்தது. ஒரு துருக்குழி அடிவரைக்கும் வெளுத்ததைப் பார்த்தபோது, இந்த முறையை விரும்புகிறவர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று புரிந்தது. கம்பி பிரஷ்ஷால் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் இந்தச் சுத்தம் வராது.

வேகத்தைப் பற்றி யாருக்கும் மயக்கம் வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் ஆகிறது, அதோடு காற்று நிரம்பக் காத்திருக்கும் நேரமும் சேர்கிறது. இந்த ஸ்டேண்டு முழுவதும் முடிய ஒரு பகல். கேட், கிரில், லாரி சேசிஸ் என்று யாராவது வந்தால், பெரிய கம்ப்ரசர் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். சின்னக் கன்னுக்கு உரியவை சைக்கிள் பிரேம், தராசு, இரும்பு அடுப்பு, விளக்குக் கம்பம், வண்டியின் பிராக்கெட்டுகள். பூவேலையும் இடுக்கும் அதிகமாக இருந்தால் இதுவே சிறந்த கருவி என்பேன். தட்டையான, பரந்த சாமானுக்கு உப்புத்தாளும் பெயின்ட் ரிமூவரும் போதும்.

அடித்து முடித்த இரும்பு சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாமல், விரல் வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் விரல் வைக்கவே கூடாது. வியர்வை பட்ட இடத்தில் ரேகையோடு துரு எழும்பும். அந்தச் சொரசொரப்புதான் பிரைமருக்குப் பிடி கொடுக்கிறது. பூச்சில்லாத இரும்புக்கு இந்த மழைக்காலக் காற்றில் சில மணி நேரம் போதும், மஞ்சளாகப் பூக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு காலும் வெளியே வந்ததும் காய்ந்த காற்றால் ஊதி, சுத்தத் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்து, உடனே இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்தார். எல்லாவற்றையும் அடித்துக் குவித்துவிட்டு மறுநாள் பெயின்ட் அடிக்கலாம் என்பது இவரிடம் நடக்காது.

பீரோவின் அடியில் மிஞ்சியதை மகன் கொசுவலையில் சலித்தார். கனமான கார்னெட் வாளிக்குத் திரும்பியது. பச்சையும் வெள்ளியுமாகத் தங்கிய பெயின்ட் தூளை ஈரத்துணியால் கூட்டித் தனிப் பையில் கட்டி, தேதி எழுதி மூலையில் வைத்தார். சாக்கடையிலோ குப்பையிலோ போடுவதில்லை. அபாயக் கழிவு எடுக்கும் வண்டி பெரிய பட்டறைக்கு வரும்போது, அவர்களிடம் கேட்டுச் சேர்த்து அனுப்புகிறார்.

நான் கிளம்பும் நேரத்தில் ஒரு இளைஞர் பழைய புல்லட்டின் பெட்ரோல் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏனுங்கண்ணா, இதையும் அடிச்சுக் குடுங்க, நாளைக்குள்ள வேணும்.”

பட்டறைக்காரர் டேங்கை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“தம்பி, இதுல பெட்ரோல் வாசம் இன்னும் போகலைங்க. ஒரு பொறி பட்டா முடிஞ்சுது. அது இல்லைன்னாலும் இது மெல்லிசுத் தகடு. ஒரு பக்கம் இத்தனை துகள் போய்த் தட்டுனா அந்தப் பக்கம் விரிஞ்சு உப்பிக்கும், சூட்டுல ஆகுதுன்னு சொல்லுவாங்க, அடியிலதான் ஆகறது. உள்ள ரெண்டு துகள் போயிருச்சுன்னா கார்புரேட்டர் காலி.”

“அப்ப என்னதான்ணா பண்றது?”

“பெயின்ட் ரிமூவர் வாங்கி, கை உறை போட்டுட்டு, காத்தோட்டமா இருக்கற எடத்துல பிரஷ்ல தடவுங்க. பெயின்ட் சுருண்டு வந்ததும் பிளாஸ்டிக் தகட்டால வழிச்சு எடுங்க, தண்ணி ஊத்திக் கழுவிக் காய வெச்சுக் கொண்டுவாங்க. பிரைமர் நான் அடிச்சுத் தர்றேன். பிரேமு இருந்தா அதைக் கொண்டுவாங்க, அது நம்ம பீரோவுக்குள்ள போகுமான்னு அளந்து பாத்துக்கலாம். சேசிஸ் நம்பர் இருக்கற எடத்துல மட்டும் ஒரு ரப்பர் ஒட்டிட்டு வாங்க.”

இளைஞர் டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பிரேமின் நீளம் எவ்வளவு இருக்கும் என்று வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார். பட்டறைக்காரர் கம்ப்ரசரின் அடி வால்வை இன்னொரு முறை திறந்து தண்ணீரை விட்டுவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பெடலை பீரோவுக்குள் வைத்தார்.